சும்மா போன ஊர்கள்

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. சின்ன வயதில் எனக்கு ஊர்ப் பெயர்கள் எல்லாம் காது வழியாகத்தான் வந்தன. காலை நாலரை மணிக்கே ஆரம்பித்துவிடும். தேனி தேனி தேனி, போடி, கம்பம், பழனி, கொடைக்கானல், திருப்பூர். படுக்கையில் கிடந்தபடியே இது இன்ன ஊருக்குக் கூப்பிடுகிற குரல் என்று சொல்லிவிடுவேன். ஆனால் அந்த ஊர்களில் பாதிக்கு மேல் நான் போனதில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வீடு இருப்பவர்களுக்குப் பயணம் என்பது மற்றவர்கள் செய்கிற ஒரு காரியம். சொந்தக்காரர்கள் வந்து இறங்குவார்கள், சாப்பிடுவார்கள், மறுபடி பஸ் ஏறிப் போவார்கள். நாங்கள் வாசலில் நின்று கை ஆட்டுவோம்.

2020இல் பெங்களூரிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பியபோது, ஆறு மாதத்தில் கம்பெனி திரும்பக் கூப்பிட்டுவிடும் என்று நினைத்தேன். கூப்பிடவில்லை. மாடியறையில் ஒரு மேசை, இரண்டு மானிட்டர், காதில் ஹெட்போன் என்று வாழ்க்கை அங்கேயே உட்கார்ந்துவிட்டது. பெங்களூரில் இருந்தவரை வார இறுதி என்றால் மதுரைக்கு வருவது. மதுரையிலேயே இருப்பவன் வார இறுதிக்கு எங்கே போவான்? அந்தக் கேள்வியை நான் என் தொழில்முறைப்படி அணுகினேன். ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போட்டேன்.

37 வரிசைகள். வீட்டிலிருந்து 120 கிலோமீட்டருக்குள் உள்ள எல்லாம் அதில் இருந்தன. சிறுமலை, குட்லாடம்பட்டி அருவி, வைகை அணை, அரிட்டாபட்டி, கீழடி, குருவித்துறை, சாத்தியார் அணை. தூரம், நேரம், பெட்ரோல், சாப்பாடு, கழிப்பறை உண்டா, மழை வந்தால் என்ன மாற்று, எல்லாவற்றுக்கும் ஒரு பத்தி. கடைசிப் பத்தியின் தலைப்பு ‘ஏன் போக வேண்டும்’. அதில் ஐந்துக்கு மதிப்பெண். நாலுக்கு மேல் வாங்கியவை பச்சை நிறத்தில் தானாக மாறும்படி செய்திருந்தேன். நாலு வருஷத்தில் அந்த 37இல் போனது மூன்று.

மூன்றாவது கொடைக்கானல். 2024 மே மாதம். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயம் என்று மே 7இல் ஆரம்பித்த அந்த வாரமேதான். எனக்கு ஒரே பெருமை, பாஸை முதல் நாளே எடுத்துவிட்டேன். வாடகை வண்டி, ஆறு பேர், அதிகாலை நாலு மணிக்குக் கிளம்பினோம். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் அம்மாவுக்கு வாந்தி. பெருமாள்மலைக்கு அப்புறம் வண்டி நகரவே இல்லை. முன்னால் போன வேனின் பின்கண்ணாடியில் ஒட்டியிருந்த ஒரு நடிகரின் முகத்தை நாங்கள் இரண்டு மணி நேரம் பார்த்தோம். ஏரியைச் சுற்றி நடந்தபோது நான் போன் அலாரம் வைத்து எல்லாரையும் அடுத்த இடத்துக்குத் துரத்திக்கொண்டிருந்தேன். மறுநாள் ராத்திரி வீடு வந்து சேர்ந்தபோது யாரும் யாரோடும் பேசவில்லை. அம்மா மட்டும் செருப்பைக் கழற்றிக்கொண்டே, “நல்லாத்தான்டா இருந்துச்சு, ஆனா எதுக்கு இம்புட்டுப் பாடு?” என்றாள். அம்மாவுக்கு வெளியே போவது பிடிக்காது, அவள் வீட்டுப் பறவை என்று அன்றைக்கு ஒரு முடிவுக்கு வந்தேன்.

அதே வருஷம் ஆகஸ்டில் அம்மாவின் ஆதார் அட்டை தேவைப்பட்டது. அடுப்படி அலமாரியில் பழைய பிஸ்கட் டப்பாவில் இருக்கும் என்றாள். டப்பாவைத் திறந்தால் ஆதாருக்கு மேலே ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு. பஸ் டிக்கெட்டுகள். எல்லாம் மகளிருக்கான கட்டணமில்லாப் பயணச்சீட்டு. எண்ணிப் பார்க்கவில்லை, ஆனால் கையில் பிடித்தால் ஒரு சீட்டுக்கட்டு அளவுக்குத் தடிமன்.

“என்னம்மா இது? சித்தி வீட்டுக்கு இத்தனை தடவை போனியா?”

“வில்லாபுரத்துக்கு எதுக்குடா நான் இத்தனை தடவை போறேன்? அவ வாயக் கேக்கவா?”

“அப்புறம்?”

“சும்மாதான்.”

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே வந்தது. திருப்பரங்குன்றம். அழகர்கோயில். ஒத்தக்கடை வரை போய் யானைமலையைப் பார்த்துவிட்டு அடுத்த வண்டியில் திரும்புவது. மேலக்கால் வழியாகச் சோழவந்தான். போன வாரம் திருவேடகம். காலையில் சமையலை முடித்துவிட்டு ஒன்பதரைக்குக் கிளம்பி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறி பஸ் நிரம்புவதற்கு முன்னால் மூணு மணிக்குள் வீடு திரும்பிவிடுவது. நான் மாடியில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த மூன்று வருஷமும் இது நடந்திருக்கிறது. என் மனைவிக்குத் தெரியும். “அத்தை சொல்ல வேணாம்னாங்க” என்றாள்.

2021 மே 7ஆம் தேதி ஸ்டாலின் முதல்வராகப் பதவியேற்ற அன்றைக்குப் போட்ட முதல் கையெழுத்துகளில் ஒன்று, சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசப் பயணம். மறுநாளிலிருந்தே அமலுக்கு வந்தது. பிறகு அதற்கு விடியல் பயணம் என்று பெயர் வைத்தார்கள். மாநிலத் திட்டக் குழு செய்த ஆய்வில் இந்தத் திட்டத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று வந்தது. வேலைக்குப் போகிற பெண்களுக்கு அது பெரிய தொகை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அம்மா விஷயத்தில் அந்தக் கணக்கு ஒத்துவராது. அம்மாவுக்கு மிச்சம் பூஜ்யம். டிக்கெட் இருந்திருந்தால் அவள் போயிருக்கவே மாட்டாள். ஜெர்மனியில் 2022 கோடையில் மூன்று மாதத்துக்கு மட்டும் மாதம் ஒன்பது யூரோவுக்கு நாடு முழுக்க உள்ளூர் ரயிலிலும் பஸ்ஸிலும் போகலாம் என்று ஒரு டிக்கெட் விட்டார்கள். ஐந்து கோடிக்கும் மேல் விற்றது. அங்கேயும், இல்லாவிட்டால் கிளம்பியே இருக்காதவர்கள் நிறையப் பேர் கிளம்பினார்கள். அந்த மாதிரிப் பயணத்தை மிச்சம் என்ற பத்தியில் எழுத முடியாது.

நான் அம்மாவிடம் கேட்ட அடுத்த கேள்வி, டிக்கெட்டை எதற்கு எடுத்து வைத்திருக்கிறாய் என்பது.

“செக்கிங் வந்தா கேப்பாங்கல்ல.”

“அது அன்னைக்குத்தானம்மா கேப்பாங்க. மூணு வருஷத்து டிக்கெட்ட யாரு கேக்கப் போறா?”

அம்மா பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள். அப்புறம் திரும்பாமலே, “ஒங்கப்பாட்ட கணக்குக் காட்டிப் பழகிருச்சு” என்றாள்.

அப்பா மில்லில் வேலை பார்த்தார். 2019இல் இறந்துபோனார். அவரைக் கொடுமைக்காரர் என்று யாராவது சொன்னால் நானே சண்டைக்குப் போவேன். குடிக்கமாட்டார், கை நீட்டமாட்டார், என் இன்ஜினியரிங் ஃபீஸை ஒரு தடவைகூடத் தாமதமாகக் கட்டியதில்லை. அவரிடம் இருந்தது ஒரு கணக்கு நோட்டு. நாலு கோடு போட்ட நோட்டு. தேதி, தொகை, யார், எதுக்கு. மல்லிகைப்பூ வாங்கினால் அதிலே ஏறும். எனக்குப் பென்சில் வாங்கினால் ஏறும். அவர் தனக்கு வாங்கிய டீயும் ஏறும், அதில் ஒளிவுமறைவே கிடையாது. அம்மா காசு கேட்டால் அப்பா இல்லை என்று ஒரு நாளும் சொன்னதில்லை. இதை அம்மாவே சொல்வாள். “இல்லைன்னு சொன்னதில்ல. எதுக்குன்னு கேப்பாரு. கோவமால்லாம் இல்ல, எழுதணும்ல, அதுக்குக் கேப்பாரு.”

கல்யாணத்துக்குப் போக, துட்டி கேட்கப் போக, ஆஸ்பத்திரிக்குப் போக, கோயிலுக்கு நேர்த்திக்கடன் செலுத்த, எல்லாவற்றுக்கும் அந்தக் கடைசிக் கட்டத்தில் எழுத ஒரு வார்த்தை இருந்தது. சும்மா பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து சோழவந்தான் வரைக்கும் போய்வர ஒரு வார்த்தை இல்லை. “சும்மான்னு எப்படிடா சொல்றது? சும்மான்னு நோட்டுல எழுத முடியுமா?” என்றாள் அம்மா. அப்பா ஒருவேளை எழுதியிருப்பார். கேட்கவே கேட்காததால் தெரியாமல் போய்விட்டது.

அன்று ராத்திரி என் ஸ்ப்ரெட்ஷீட்டைத் திறந்து பார்த்தேன். ‘ஏன் போக வேண்டும்.’ அப்பாவின் நோட்டில் நாலாவது கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்ததும் இதேதான். நான் அதற்கு ஐந்துக்கு மார்க் வேறு போட்டிருக்கிறேன்.

அடுத்த புதன்கிழமை லீவு போட்டுவிட்டு நானும் வருகிறேன் என்றேன். அம்மாவுக்கு அவ்வளவு இஷ்டமில்லை. “நீ வந்தா அங்கிட்டு இங்கிட்டு இழுப்ப” என்றாள். அப்புறம் சில நிபந்தனைகள் போட்டாள். இரண்டு வண்டிக்கு மேல் மாறக்கூடாது. எட்டிப் போய் ஏறக்கூடாது, நிற்கிற இடத்துக்கு வருகிற வண்டிதான். கூட்டமான வண்டியில் ஏறக்கூடாது, அடுத்தது வரட்டும். போன இடத்தில் ஒரே ஒரு விஷயம் பார்த்தால் போதும். அதுவும் பார்க்க முடியாவிட்டால் பரவாயில்லை. ஒரு ஒயர்கூடையில் தண்ணீர் பாட்டில், எலுமிச்சைச் சோறு, உருளைக்கிழங்கு வறுவல், ஒரு பழைய பெட்ஷீட். நான் பவர் பேங்கை எடுத்துக்கொண்டேன்.

பெரியாரில் வண்டி மாறி கீழக்குயில்குடிக்குப் போனோம். கண்டக்டர் அம்மாவிடம் ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு என்னிடம் காசு வாங்கினார். “ஒனக்குத்தான்டா செலவு” என்று அம்மா சிரித்தாள். பின் சீட்டிலிருந்து ஒரு பெரியவர் யாரிடமோ, ஓசி வந்ததிலேருந்து பொம்பளைங்க வீட்டுலயே இருக்கிறதில்ல என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குச் சுருக்கென்றது. திரும்பப் போனேன். அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, “விடு, அவரு சொல்றது நெசந்தான?” என்றாள்.

கீழக்குயில்குடி எங்கள் வீட்டிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம். அடிவாரத்தில் அய்யனார் கோயில், ஆலமரங்கள், ஒரு தாமரைக்குளம். பின்னால் ஒற்றைப் பாறையாகச் சமணமலை. என் ஸ்ப்ரெட்ஷீட்டில் இந்த இடம் இல்லவே இல்லை. ரொம்பப் பக்கம் என்பதால் விட்டிருக்கிறேன்.

அம்மாவுக்கு மூட்டுவலி, படி ஏற முடியாது. ஆலமரத்தடியில் பெட்ஷீட்டை விரித்து உட்கார்ந்துவிட்டாள். “நீ வேணா போய்ட்டு வா. நான் இந்தக் கொளத்தப் பாத்துக்கிட்டு இருக்கேன்.” நான் பாறையில் வெட்டிய படிகளில் ஏறிப் பேச்சிப்பள்ளத்துக்குப் போனேன். ஒரு சுனை, அதன் மேலே பாறைச் சுவரில் வரிசையாக எட்டுச் சிற்பங்கள். மகாவீரர், பார்சுவநாதர், பாகுபலி. கீழே வட்டெழுத்துகள். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முந்தையவை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, என்னைத் தவிர அங்கே இரண்டு குரங்குகள்.

போனில் படித்துக்கொண்டே பார்த்தேன். இந்த மலைச் சிற்பங்களில் ஒன்று, அச்சணந்தி என்ற சமணத் துறவியின் தாயார் குணமதியார் செய்வித்தது என்று அதன் கல்வெட்டு சொல்கிறது. அச்சணந்தி பெயர் தமிழ்நாட்டுச் சமணத் தலங்களில் அடிக்கடி வருகிற பெயர். யானைமலையில் இருக்கிறது, கருங்காலக்குடியில் இருக்கிறது, கம்பம் பக்கம் உத்தமபாளையத்தில், பழனிக்குப் பக்கத்து ஐவர்மலையில். யோசித்துப் பார்த்தால் இதில் பாதி எங்கள் ஆரப்பாளையத்தில் கூவுகிற ரூட்டுதான். மனிதர் நடந்தே போயிருக்கிறார்.

இறங்கி வந்து உற்சாகமாக அம்மாவிடம் சொன்னேன். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒரு அம்மா பேரைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள் பார் என்று. அம்மா சோற்றைப் பிரித்து வைத்துக்கொண்டே கேட்டாள்.

“மகன் பேரு எத்தனை மலையில இருக்குன்ன?”

“நாலஞ்சுக்கு மேல இருக்கும்மா.”

“அவ பேரு?”

“இங்க மட்டுந்தான்னு நெனைக்கிறேன்.”

“அதுவும் இன்னாரு தாயாருன்னுதான எழுதியிருக்கு” என்றாள். அப்புறம், “வறுவல் நல்லாருக்கா, உப்பு கம்மியோ?”

சாப்பிட்டுவிட்டு அரை மணி நேரம் அங்கேயே சும்மா உட்கார்ந்திருந்தோம். அந்த அரை மணி நேரத்தில் நான் எத்தனை தடவை போனை எடுத்தேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது. அம்மா குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தூரத்தில் ஒருத்தி மாடு கழுவிக்கொண்டிருந்தாள், அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றரைக்கு வண்டி வந்தது. ஏறினோம். இரண்டே காலுக்கு நான் என் மேசையில் இருந்தேன்.

எங்கள் பகுதிக்கு வருஷத்துக்கு ஒரு தடவை சாமியே இந்த மாதிரி வருகிறது என்று அம்மா சொன்னது அப்புறந்தான். ஆவணி மூலத் திருவிழாவில் புட்டுக்கு மண் சுமந்த லீலை நடப்பது ஆரப்பாளையத்தை ஒட்டிய புட்டுத்தோப்பில். வைகைக் கரை உடைந்தபோது வீட்டுக்கு ஒரு ஆள் கரை அடைக்க வரவேண்டும் என்று பாண்டியன் உத்தரவு. வந்தி என்ற கிழவிக்கு ஆள் இல்லை. அவளுக்காக உதிர்ந்த புட்டைக் கூலியாக வாங்கிக்கொண்டு சிவன் கூலியாளாக வருகிறார். வந்தவர் வேலை செய்யாமல் ஆடிப் பாடித் தூங்கி, பிரம்படி வாங்குகிறார். அந்த அடி எல்லார் முதுகிலும் விழுகிறது. (வேலை நேரத்தில் காணாமல் போனதற்கு மேலிடத்திடம் அடி வாங்கியவர் என்ற வகையில் எனக்கு இந்த லீலை ரொம்பப் பிடிக்கும்.) அன்றைக்கு மீனாட்சியும் சொக்கரும் காலையிலேயே கோயிலை விட்டுக் கிளம்பிவிடுவார்கள். அவர்கள் புட்டுத்தோப்பில் இருக்கிறவரை அங்கே பெரிய கோயிலில் நடை சாத்தியிருக்கும். திருப்பரங்குன்றத்திலிருந்து முருகன் வருவார், திருவாதவூரிலிருந்து மாணிக்கவாசகர் வருவார். வெளியூரிலிருந்து வந்தவர்கள் பூட்டிய கோபுரத்தைப் பார்த்துவிட்டு நிற்பார்கள்.

“சாமியே நடையச் சாத்திட்டு ஒரு நாளைக்கு இங்கன வந்து ஒக்காந்துட்டுப் போகுது. நமக்கென்ன?” அம்மா முதல் தடவை தனியாகப் பஸ் ஏறியபோது மனசுக்குள் சொல்லிக்கொண்டது இதுவாம். அப்பா போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் யாரிடமோ காரணம் சொல்ல வேண்டியிருந்திருக்கிறது.

அந்த நவம்பரில் அரிட்டாபட்டி செய்தியில் வந்தது. என் ஸ்ப்ரெட்ஷீட்டில் அது இருந்தது, ‘குளிர்காலத்தில் போகலாம்’ என்ற குறிப்போடு. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். அதையும் உள்ளடக்கிய நிலப்பரப்பை டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டிருந்தார்கள். அடுத்த ஜனவரியில் மேலூர்ப் பக்கத்து மக்கள் ஆயிரக்கணக்கில் மதுரைக்கு நடந்தே வந்தார்கள். அந்த மாதமே ஏலம் ரத்தானது. போராட்டத்தின்போது அந்த மலைகளின் மதிப்பைப் பட்டியல் பட்டியலாகச் சொல்ல வேண்டியிருந்தது. 250க்கும் மேற்பட்ட பறவை இனங்கள், தமிழி கல்வெட்டு, குடைவரை, சுனைகள். எல்லாம் உண்மை. ஆனால் ஒரு மலை சும்மா கிடக்கிறது என்றால் அதனிடமும் எதுக்கு என்று கேட்டுவிடுவார்கள் போலிருக்கிறது. பிப்ரவரியில் நானும் மனைவியும் டூவீலரில் போய்வந்தோம். கழிஞ்சமலைப் பாறையில் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துத் தின்றோம். பறவை ஒன்றும் தட்டுப்படவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு நான் திருந்திவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மனைவிக்கு லீவு. செருப்பைப் போட்டுக்கொண்டு, “கொஞ்சம் வெளிய போய்ட்டு வரேன்” என்றாள். நான் மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டேன், “எதுக்கு?” கோபமெல்லாம் இல்லை. தெரிந்து வைத்துக்கொள்ளத்தான் கேட்டேன். அவள் கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் செருப்பைக் கழற்றிவிட்டு, “ஒண்ணுமில்ல, பால் வாங்கலாம்னு” என்றாள். பால் ஃபிரிட்ஜில் இரண்டு பாக்கெட் இருந்தது. அதை நான் சாயங்காலம் காபி போடும்போதுதான் பார்த்தேன்.

ஸ்ப்ரெட்ஷீட்டை அழிக்கவில்லை. கடைசிப் பத்தியை மட்டும் எடுத்துவிட்டேன். அதை எடுத்ததும் பச்சை நிறம் எல்லாவற்றிலிருந்தும் போய்விட்டது, இப்போது 38 ஊர்களும் ஒரே மாதிரி வெள்ளையாக இருக்கின்றன. முப்பத்தெட்டாவது கீழக்குயில்குடி.

நேற்றுக் காலை அம்மா மாடிக்கு வந்து, “வாரியாடா?” என்றாள். கீழே மனைவி ஒயர்கூடையோடு நின்றாள். எனக்கு ரிலீஸ் நாள், எழுந்திருக்க முடியாது. இரண்டு பேரும் கிளம்பிப் போனார்கள். பன்னிரண்டு மணிக்கு நானே தோசை சுட்டுச் சாப்பிட்டேன். மூன்றே காலுக்குக் கேட் சத்தம் கேட்டது, கூடவே சிரிப்புச் சத்தம். கீழே இறங்கி வந்து பார்த்தால் மேசைமேல் ஈரத்துணியில் சுற்றி ஒரு கவுளி சோழவந்தான் வெற்றிலை. எங்கள் வீட்டில் வெற்றிலை போடுகிறவர்கள் யாரும் இல்லை.

இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் போய்ச் சுண்ணாம்பு வாங்கி வந்தேன்.